மனுக்கள் குழு நெல்லைக்கு வருதுன்னா ஆஸ்பத்திரி, தண்ணி, சாக்கடை விஷயத்துக்கு எப்படி மனு எழுதணும்?

பேப்பர்ல உள்பக்கத்துல சின்னதா ஒரு செய்தி வரும், "சட்டமன்றப் பேரவை மனுக்கள் குழு வருகை, பொதுமக்கள் மனு அளிக்கலாம், ஆட்சியர் தகவல்"னு. பாதிப் பேர் அதைப் பாக்காமலே பக்கத்தைத் திருப்பிருவாங்க. பாத்தவங்கள்லயும் நெறைய பேர் திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல குடுக்குற மனு மாதிரின்னு நெனச்சு, ஆச்சிக்கு முதியோர் பென்சன், வீட்டுக்குப் பட்டா, பையனுக்கு வேலை, கடைசில "எங்க ஊரு ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வேணும்"னு நாலையும் ஒரே தாள்ல எழுதிக் குடுத்திருதாங்க. அது மொத வடிகட்டுலயே வெளிய போயிரும். அந்த நாலுல கடைசி ஒண்ணை மட்டும் ஒழுங்கா எழுதியிருந்தா குழு முன்னாடி வந்திருக்கும்.

அதனாலதான் இதை எழுதுதேன். உங்க ஊர்ல ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, குடிதண்ணி, சாக்கடை, குப்பை இதுல எதாவது ரொம்ப நாளா தீராம கெடக்குன்னா, இதுவரைக்கும் குழுவுக்கு மனுவே எழுதினது இல்லன்னா, இது உங்களுக்குத்தான்.

மொதல்ல இந்தக் குழு என்னன்னு சுருக்கமா

சட்டசபைல 234 பேரும் ஒண்ணா உக்காந்து எல்லாத்தையும் பாக்க முடியாது, அதனால எம்எல்ஏக்களைக் கொஞ்சம் கொஞ்சம் பேராப் பிரிச்சுக் குழு போட்டிருக்காங்க. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு இப்படி. பொதுக் கணக்குக் குழு தணிக்கைத் துறை அறிக்கையை வச்சு, குடுத்த பணத்தை என்ன பண்ணீங்கன்னு கேக்கும். மதிப்பீட்டுக் குழு மாவட்டத்துக்கு வந்தா ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், பாலம்னு நேர்ல போய்ப் பாக்கும். உறுதிமொழிக் குழுவைப் பத்திக் கீழ சொல்லுதேன், அது ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒரு நல்ல ஆயுதம்.

நெறைய பேர் "சுகாதாரக் குழு எங்க இருக்கு, அதுக்கு எழுதுதோம்"னு கேக்குதாங்க. பார்லிமெண்ட்ல சுகாதாரத்துக்குன்னே தனியா நிலைக்குழு உண்டு, லோக்சபாவுல 21 பேரு ராஜ்யசபாவுல 10 பேரு, மொத்தம் 31 பேரு. நம்ம சட்டசபைல அப்படித் துறைக்கு ஒரு நிலைக்குழு கெடையாது. அதனால ஊரு ஆஸ்பத்திரி விஷயத்தை ஒரு சாதாரண ஆள் நேரா கொண்டு போற வாசல் மனுக்கள் குழுதான்.

குழுவால என்ன முடியும்? டாக்டரைப் போடு, பைப்பைப் போடுன்னு அதுவா உத்தரவு போட முடியாது, பரிந்துரைதான் பண்ணும், பேரவைல அறிக்கை வைக்கும். அப்ப எதுக்குப் போகணும்னு கேக்கலாம். கலெக்டர் ஆபீஸ்ல குடுத்த மனு சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கே திரும்பிப் போயி, அங்க இருந்து "நடவடிக்கையில் உள்ளது"ன்னு ஒரு கடுதாசியா உங்ககிட்ட வரும், நீங்க அதை எதுத்துக் கேக்க முடியாது. குழு வரும்போது அதே அதிகாரி எழுந்து நின்னு, நீங்க எதுக்க இருக்கும்போது, எம்எல்ஏக்கள் கேள்வி கேக்க பதில் சொல்லணும். மனுவோட பலம் மொத்தமும் அந்த ரெண்டு நிமிஷத்துலதான் இருக்கு. ஆக, அந்த ரெண்டு நிமிஷத்துல அவரு நழுவ முடியாத மாதிரி ஒரு கேள்வியை எழுதிக் குடுக்கணும், கீழ வர்ற எல்லாமே அதுக்கான ஏற்பாடுதான்.

எது போகும், எது போகாது

ஒரு மனு, ஒரு பிரச்சினை, ஒரு துறை. இதுல சமரசமே கெடையாது. ரெண்டு பிரச்சினை இருந்தா வேற வேற ஆளு பேர்ல வேற வேற மனுவாப் போடுங்க, ஒரே ஆளு பத்து மனு போடாதீங்க.

பல வருஷமா தீராத பொதுப் பிரச்சினையா இருக்கணும். தனி ஆளோட குறை, வேலை, பென்சன், பட்டா, பேங்க் லோன், அரசு ஊழியரோட சொந்த சர்வீஸ் விஷயம் இதெல்லாம் எடுக்க மாட்டாங்க, அறிவிப்புலயே போட்டிருப்பாங்க. "எங்க அம்மாவுக்கு ஆஸ்பத்திரில ஒழுங்காப் பாக்கல"ங்கிறது தனிக் குறை. "எங்க ஆஸ்பத்திரில ராத்திரி டூட்டிக்கு ஆளே இல்ல"ங்கிறது பொதுப் பிரச்சினை. சம்பவம் ஒண்ணுதான், எழுதுற விதத்துல மாறிப் போகுது. அம்மா கதையை வேணும்னா ஒரு வரில உதாரணமா வச்சுக்கிடுங்க.

கோர்ட்ல கேஸ் இருந்தா அதையும் எடுக்க மாட்டாங்க. நம்ம பக்கத்துல இது முக்கியம், ஏன்னா தாமிரபரணில சாக்கடை கலக்குறது மாதிரி பெரிய விஷயமெல்லாம் ஐகோர்ட் மதுரைக் கிளை வரைக்கும் போயிருக்கு. "தாமிரபரணியைக் காப்பாத்துங்க"ன்னு பொதுவா எழுதினா வழக்கில் உள்ளதுன்னு ஒரே வரில முடிச்சிருவாங்க. அதையே "எங்க ஊர்ல இன்ன தெருவோட வாறுகால் தண்ணி குடிநீர்க் கிணறு இருக்கிற படித்துறைப் பக்கம் விழுது, அதுக்கு வடிகட்டி அமைக்குறது எப்போ"ன்னு எழுதுங்க.

இன்னொண்ணு, அவசர விஷயத்துக்கு இந்தக் குழுவை நம்பிக் காத்திருக்காதீங்க. 2024 டிசம்பர்ல நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளாவுல இருந்து மருத்துவக் கழிவைக் கொண்டு வந்து கொட்டினாங்கல்ல, அது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கையில எடுத்ததாலதான் லாரி வச்சுத் திருப்பி அள்ளிட்டுப் போனாங்க. அந்த மாதிரி இன்னிக்கு நடக்குற விஷயத்துக்குப் போலீஸ், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தீர்ப்பாயம், அதுதான் வழி. காய்ச்சல் பரவுதுன்னா 104க்கோ சுகாதார நிலையத்துக்கோ அன்னிக்கே சொல்லுங்க. குழு ஆற அமர வர்ற ஆளு.

எந்தத் துறைன்னு கண்டுபிடிக்கிறது

மனு தோக்குறதுல பாதி இங்கதான் தோக்குது. "சுகாதாரத் துறை"ன்னு எழுதிட்டா போதும்னு நெனைக்குதோம், ஆனா மாவட்டத்துக்குள்ள அது மூணு வீடு.

துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், கிராம சுகாதார செவிலியர், டெங்கு கொசு ஒழிப்பு, மக்களைத் தேடி மருத்துவம், இதெல்லாம் பொது சுகாதாரத் துறை. மாவட்டத்துல இதுக்குத் தலைவரைத் துணை இயக்குநர்னு சொல்லிட்டிருந்தாங்க, இப்போ மாவட்ட சுகாதார அலுவலர்னு பேரு மாறிருக்கு, ஆனா சனங்க இன்னும் டிடி ஆபீஸ்னுதான் சொல்லுதாங்க. நாங்குநேரி மாதிரி தாலுகா ஆஸ்பத்திரி எல்லாம் இணை இயக்குநர் நலப்பணிகள், அதாவது ஜேடி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு, 1965ல ஆரம்பிச்ச மெடிக்கல் காலேஜோட ஆஸ்பத்திரி, அது டீன் கையில, மேல மருத்துவக் கல்வி இயக்ககம். ஹைகிரவுண்டுல ஸ்கேன் எடுக்க நாள் கணக்குல ஆகுதுன்னு ஜேடியைக் கேட்டா அவரு "அது என் கட்டுப்பாட்டுல இல்லங்கய்யா"ன்னு சொல்லி உக்காந்துருவாரு, சொல்றதும் சரிதான். மருந்து வாங்கிக் குடுக்குறது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். டாக்டர், நர்ஸ் தேர்வு பண்ணுறது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். கட்டடம் இடிஞ்சு கெடந்தா அதுக்குப் பொதுப்பணித் துறையும் வந்து நிக்கும்.

தண்ணியும் சாக்கடையும் இன்னும் சிக்கல். பாளையங்கால்வாயை எடுத்துக்கிடுங்க. கால்வாய் நீர்வளத் துறையோடது. அதுல சாக்கடை வந்து விழுற எடம் மாநகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோ. அதனால வயித்துப்போக்கு வந்தா சுகாதாரத் துறை. மூணு பேரையும் ஒரே மனுவுல கூப்பிட்டா மூணு பேரும் பந்தை உருட்டி வெளையாடுவாங்க. என்னைக் கேட்டா, யாரால அதை நிறுத்த முடியுமோ அவங்க பேர்ல மட்டும் எழுதுங்க, அதாவது சாக்கடையை விடுற உள்ளாட்சி மேல. கால்வாய் தூர்வாரச் சொல்லி நீர்வளத் துறைக்கு எழுதினா தூர் வாருவாங்க, மறுநாளே சாக்கடை வரும்.

குடிதண்ணிக்கும் இதே கணக்குதான். கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல தண்ணி ஊரு தொட்டிக்கே வந்து சேரலன்னா குடிநீர் வடிகால் வாரியம், தொட்டிக்கு வந்துட்டு தெருவுக்கு வரல, இல்ல கலங்கலா வருதுன்னா ஊராட்சி, அதுக்கு மேல பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். மனு எழுதுறதுக்கு முன்னாடி தொட்டி ஆபரேட்டர்ட்ட ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசுங்க, எங்க அடைப்புன்னு இன்ஜினியரை விட அவருக்குத்தான் தெரியும்.

கையில பேப்பர் சேக்குறது

வெறுங்கையோட போனா "அப்படி ஒண்ணும் இல்லங்கய்யா"ன்னு ஒரு வரில முடிஞ்சிரும். மூணு வகைப் பேப்பர் சேத்துக்கிடுங்க.

ஒண்ணு, இதுக்கு முன்னாடி கேட்டதுக்கான ஆதாரம். திங்கக்கிழமை மனுவோட எண், 1100க்குப் போன் போட்டிருந்தா அந்தப் புகார் எண், வந்த பதில் கடுதாசி. பழசு எவ்வளவோ அவ்வளவு நல்லது, "பல ஆண்டுகளாகத் தீர்க்கப்படாத"ங்கிறதுக்கு அதுதான் சாட்சி.

ரெண்டு, கிராமசபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த ஆறு நாள்ல கூட்டம் நடக்கும். முன்கூட்டியே நாலஞ்சு பேரு பேசி வச்சுட்டுப் போயி, ஆரம்ப சுகாதார நிலைய விஷயத்தைத் தீர்மானமா எழுதச் சொல்லுங்க, வாயால சொல்லிட்டு வந்தா பத்தாது, தீர்மான நோட்டுல ஏறிருக்கான்னு பாத்துட்டு வாங்க. அப்புறம் நகல் கேட்டு வாங்கி மனுவோட சேருங்க. ஒரு ஆளு மனு ஊரு மனுவா மாறுறது இந்தத் தாளாலதான். டவுன்ல இருக்கவங்களுக்குக் கவுன்சிலர்ட்ட சொல்லி மன்றத்துல பேச வச்ச பேப்பர் இருந்தா அது.

மூணாவது தகவல் உரிமைச் சட்டம், இதுல கொஞ்சம் நின்னு சொல்லணும். வெள்ளைத்தாள்ல பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா மேல்முறையீடு. என்ன கேக்கணும்ங்கிறதுலதான் வித்தை இருக்கு. "ஏன் டாக்டர் இல்ல"ன்னு கேக்காதீங்க, ஏன்னுங்கிற கேள்விக்கு அவங்க பதில் சொல்ல வேண்டியதில்ல, பதிவேட்டுல இருக்கிறதைத்தான் குடுப்பாங்க. அதனால பதிவேட்டைக் கேளுங்க. இந்த நிலையத்துல அனுமதிக்கப்பட்ட டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் பணியிடம் எத்தனை, நிரம்பினது எத்தனை, எந்தத் தேதில இருந்து காலி. இந்த நிலையத்துல சம்பளம் வாங்கிட்டு மாற்றுப்பணில வேற எடத்துல வேலை பாக்குறவங்க எத்தனை பேரு, எந்த உத்தரவு எண்படி. போன ஒரு வருஷத்துல மாசா மாசம் வந்த வெளிநோயாளிகள், நடந்த பிரசவம். பாம்புக்கடி, நாய்க்கடி மருந்து இருப்புப் பதிவேட்டோட நகல்.

அந்த மாற்றுப்பணிக் கேள்வியை விட்டுறாதீங்க. காகிதத்துல ரெண்டு டாக்டர் இருப்பாங்க, அதிகாரி குழு முன்னாடி "பணியிடம் ஏதும் காலி இல்லை"ன்னு தைரியமாச் சொல்லுவாரு, அது பொய்யும் கெடையாது. ஆனா அதுல ஒருத்தரு வேற ஊர்ல டூட்டில இருப்பாரு. இந்தத் தாள் உங்க கையில இருந்தா அந்தப் பதில் அங்கேயே நிக்காது.

பாம்புக்கடி சொன்னேன்ல, நம்ம பக்கம் வயக்காடும் வாழைத்தோட்டமும் மலையடிவாரமும், இதை லேசா நெனைக்கக்கூடாது. 2024 நவம்பர்ல தமிழ்நாட்டுல பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒண்ணா ஆக்கிட்டாங்க, பொது சுகாதாரச் சட்டத்துக்குக் கீழ. ஆக தனியார் ஆஸ்பத்திரியும் கணக்குக் குடுக்கணும். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கினா, களக்காடு, அம்பை பக்கத்து ஊர்க்காரங்க "எங்க ஊருக்கு ராத்திரி டூட்டி வேணும்"னு சொல்றதுக்கு நல்ல பிடி கெடைக்கும்.

இது போக நாலு போட்டோ, தேதியோட. இடிஞ்ச சுவரு, பூட்டின கதவு. நோயாளி முகம் தெரியுற போட்டோ வேண்டாம், அது நல்லாருக்காது.

எழுதுறது

ஒரு பக்கம், மிஞ்சினா ஒண்ணரை. "மாண்புமிகு பாதம் பணிந்து"ன்னு பாதிப் பக்கம் போகாதீங்க, குழுவுக்கு வர்ற மனுக் கட்டை நெனச்சுப் பாருங்க, படிக்கிறவங்க மொத நாலு வரிலதான் முடிவு பண்ணுவாங்க. தமிழ்லயே எழுதுங்க. யாரையும் திட்டாதீங்க, அந்த டாக்டர் லஞ்சம் வாங்குதாரு, இந்த நர்ஸ் எரிஞ்சு விழுதுன்னு எழுதினா அது தனிநபர் மேல புகார்னு வேற பக்கம் போயிரும், உங்க கட்டடமும் டாக்டரும் மறந்து போகும்.

மாதிரிக்கு ஒண்ணு போடுதேன், புள்ளி வச்ச எடத்துல உங்க விவரத்தைப் போட்டுக்கிடுங்க.

"பெறுநர்: தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009.

பொருள்: மக்கள் நல்வாழ்வுத் துறை – திருநெல்வேலி மாவட்டம், ….. வட்டம், ….. ஆரம்ப சுகாதார நிலையம் – இரவு நேர மருத்துவப் பணி – கோருதல் தொடர்பாக.

ஐயா, மேற்கண்ட ஆரம்ப சுகாதார நிலையத்தை ….. முதலான ….. ஊர்களின் மக்கள் நம்பியுள்ளனர். இங்கு அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடங்கள் மூன்றில் ….. மட்டுமே நிரப்பப்பட்டுள்ளது, ….. முதல் ஒருவர் மாற்றுப்பணியில் உள்ளார் (தகவல் உரிமைச் சட்டப் பதில், நாள் …..). இதனால் மாலை ….. மணிக்கு மேல் நிலையம் பூட்டப்படுகிறது. பிரசவத்திற்கும் பாம்புக்கடிக்கும் ….. கிலோமீட்டர் தொலைவிலுள்ள ….. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியுள்ளது. இது குறித்து ….. ஆண்டு முதல் மனு அளித்து வருகிறோம் (மனு எண்கள் இணைப்பில்). கிராமசபையிலும் தீர்மானம் நிறைவேற்றப்பட்டுள்ளது.

எனவே, மாற்றுப்பணியில் உள்ளவரை இந்நிலையத்திற்கே திரும்ப அனுப்புவதற்கும், காலியிடத்தை நிரப்புவதற்கும் துறை எடுத்துள்ள நடவடிக்கையையும், இரவுப் பணி எந்த நாள் முதல் தொடங்கும் என்பதையும் குழு கேட்டறிந்து பரிந்துரைக்க வேண்டுகிறோம்."

கீழ பேரு, முழு முகவரி, போன் நம்பர், தேதி போட்டுக் கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்துல தேதி கட்டாயம். ஊரு ஆளுங்க கையெழுத்தைத் தனித்தாள்ல இணைப்பா வைங்க, ஆனா மனுதாரர் ஒரே ஆளா இருக்கட்டும், வர்ற கடுதாசி அவருக்குத்தான் வரும், கூட்டத்துக்கும் அவருதான் போகணும். பொம்பளையாளுக பேர்ல போடுறது நல்லது, அதுவும் சுய உதவிக் குழுத் தலைவியா இருந்தா. பிரசவம், தண்ணி, சாக்கடை விஷயத்தை அவங்க பேசுறப்ப அதுல இருக்கிற விவரமே வேற.

கடைசிப் பத்தியைத் திரும்ப ஒரு தடவை பாருங்க. "டாக்டர் வேண்டும்"னு முடிஞ்சா அதிகாரி "ஆவன செய்யப்படும்"னு சொல்லிட்டுப் போவாரு. "எந்த நாள் முதல்"னு முடிஞ்சா ஒரு தேதி சொல்லணும், இல்ல ஏன் சொல்ல முடியலன்னு சொல்லணும்.

அனுப்புறது

பொதுவா மனுவோட அஞ்சு பிரதி கேப்பாங்க. எந்த முகவரி, கடைசித் தேதி என்னன்னு அந்த வருஷத்து அறிவிப்பைப் பாத்து அதன்படி செய்யுங்க. கடைசித் தேதிக்கு அப்புறம் போனது அடுத்த தடவைக்குக் கூட நிக்காது. ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமா வைங்க. நேர்ல குடுத்தா உங்க நகல்ல சீலும் தேதியும் வாங்காம நகராதீங்க, "அதெல்லாம் பதிஞ்சுக்கிடுதோம் அண்ணாச்சி, நீங்க போங்க"ன்னு சொல்லுவாங்க, சிரிச்சுக்கிட்டே நின்னு வாங்கிட்டு வாங்க.

ஒரு பிரதி உங்க தொகுதி எம்எல்ஏ ஆபீஸ்லயும் குடுங்க. இப்போ நெல்லை மாவட்டத்துல திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம்னு அஞ்சு தொகுதி. 2019ல தென்காசி தனி மாவட்டம் ஆனதுல ஆலங்குளம், கடையநல்லூர், சங்கரன்கோவில்காரங்க எல்லாம் அங்க குழு வர்றப்பதான் குடுக்கணும், இதை இன்னும் மாத்திக் குடுக்குறவங்க இருக்காங்க.

கூட்டத்தன்னிக்கு

எடுத்துக்கிட்ட மனுவுக்குத் தனியா தகவல் வரும், இந்த நாள், இந்த நேரம், இந்த எடம்னு. பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்குதான். காலைல குழு ஒண்ணு ரெண்டு எடத்தைப் போயிப் பாத்துட்டு வரும், அதனால நேரம் தள்ளிப் போகும், சாப்பாட்டைக் கட்டிட்டுப் போறது நல்லது. கூட்டமாப் போயி கோஷம் போட வேண்டாம், மனுதாரரும் விவரம் தெரிஞ்ச இன்னொருத்தரும் போதும்.

மனு எண் சொல்லிக் கூப்பிடுவாங்க. துறை அதிகாரி பதிலை எழுதிக்கொண்டு வந்து வாசிப்பாரு. அந்தப் பதில்ல வர்ற மூணு வார்த்தைக்கு நீங்க தயாரா இருக்கணும்.

"கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது"ன்னு, அதாவது மேல எழுதிக் கேட்டிருக்கோம்னு சொன்னா, அந்தக் கருத்துருவோட கடித எண் என்ன, தேதி என்ன, யாருக்குப் போயிருக்குன்னு கேளுங்க. அனுப்பியிருந்தா எண் இருக்கும். இல்லன்னா அடுத்த வாரமே அனுப்பிருவாங்க, அதுவும் லாபந்தான்.

"நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன்"னு சொன்னா, எவ்வளவு மதிப்பீடு, எந்தத் திட்டத்துல கேட்டிருக்கீங்கன்னு கேளுங்க. மதிப்பீடே போடாம நிதிக்குக் காத்திருக்க முடியாதுல்லா.

"காலிப்பணியிடம் தேர்வு வாரியம் மூலம் நிரப்பப்படும்"னு சொன்னா, அதுவரைக்கும் வாரத்துல எத்தனை நாள் பக்கத்து நிலையத்து டாக்டரை அனுப்பப் போறீங்க, கிழமை சொல்லுங்கன்னு கேளுங்க. இதுதான் உடனே கெடைக்கிற பலன். முழு டாக்டர் வர வருஷம் ஆகலாம், செவ்வாய் வெள்ளி டாக்டர் அடுத்த மாசமே வரலாம்.

"அப்படித்தான் சார் சொல்லுவாங்க, எல்லாம் பொய்யி"ன்னு கையை நீட்டிப் பேசிட்டா தலைவர் "சரிங்க உக்காருங்க"ன்னு முடிச்சிருவாரு. தாளை நீட்டி, "ஐயா, மார்ச் மாசம் இவங்களே குடுத்த பதில்ல இப்படி இருக்கு"ன்னு சொல்லுங்க, அதுக்கு மேல கேள்வி கேக்குறதை எம்எல்ஏக்கள் பாத்துக்கிடுவாங்க. குழுவுல ஆளுங்கட்சி எதிர்க்கட்சி ரெண்டும் இருக்கும், ஆனா ஆஸ்பத்திரி விஷயத்துல பொதுவா எல்லாரும் ஒரே பக்கந்தான் நிப்பாங்க, அதனால அரசியல் பேசி நீங்களா அதைக் கெடுத்துக்கிடாதீங்க.

சொன்ன பதிலை அங்கயே குறிச்சு வைங்க. யாரு, என்ன பதவி, என்ன சொன்னாரு.

அப்புறம்

வீட்டுக்கு வந்த வாரத்துலயே அந்தத் துறை மாவட்ட அதிகாரிக்கு ஒரு கடுதாசி போடுங்க, "இன்ன தேதில மனுக்கள் குழு முன்பு தாங்கள் தெரிவித்தபடி"ன்னு ஆரம்பிச்சு, அவரு சொன்னதை அப்படியே எழுதி, நகலைக் குழுத் தலைவருக்கும் எம்எல்ஏவுக்கும் அனுப்புங்க. சொன்ன தேதி தாண்டினா தகவல் உரிமைல எடுத்த நடவடிக்கை என்னன்னு கேளுங்க. பேரவைச் செயலகத்துக்கும் பொதுத் தகவல் அலுவலர் உண்டு. இந்தப் பின்தொடர்தலைச் செய்யாம விட்டா கூட்டத்துல வாங்கின தேதி காத்தோட போயிரும், தேர்தல் வந்து புது சட்டசபை அமைஞ்சா குழுவும் புதுசா வரும், அவங்களுக்குப் பழசு தெரியாது, உங்க ஃபைல்தான் சொல்லணும்.

எம்எல்ஏவை இன்னும் ரெண்டு விதத்துல பயன்படுத்தலாம். வருஷா வருஷம் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மானியக் கோரிக்கை எண் 19, அதாவது அந்தத் துறைக்கான பணத்துக்குச் சபை ஒப்புதல் கேக்குற விவாதம் வரும், அன்னிக்கு அவரு பேசுறதுக்கு உங்க மனுவோட சுருக்கத்தை நாலு வரில எழுதிக் குடுங்க, முன்னாடியே. கேள்வி நேரத்துலயும் கேக்க வைக்கலாம். அமைச்சர் எழுந்து "அங்கே கட்டடம் கட்டித் தரப்படும்"னு சொல்லிட்டா, அது சபைக்குக் குடுத்த உறுதிமொழி. அதைச் செஞ்சாங்களான்னு பாக்குறதுதான் அரசு உறுதிமொழிக் குழு. அது மாவட்டத்துக்கு வர்றப்ப "இன்ன தேதில பேரவைல சொன்னது என்னாச்சு"ன்னு ஒரு கடுதாசி, அவ்வளவுதான். பேரவை விதி 110ல, அதாவது விவாதம் இல்லாம அறிக்கை படிக்கிற விதில, முதலமைச்சர் அறிவிச்சதும் எழுதி வச்சுக்கிட வேண்டியதுதான். தொகுதி மேம்பாட்டு நிதில கட்டடம், சுத்துச்சுவரு, தண்ணித் தொட்டி கேக்கலாம், டாக்டர் கேக்க முடியாது, அது சம்பளம்.

மத்திய அரசு விஷயம்னா இந்தக் குழுவால முடியாது. முக்கூடல்ல பீடித் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்குல்லா, பீடி சுத்துற அக்காமாருங்க இருமிக்கிட்டே அங்க போறாங்கல்லா, அதுல டாக்டர் இல்ல மருந்து இல்லன்னா மாநில சுகாதாரத் துறையைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. டெல்லிலயும் அது சுகாதார அமைச்சகம் கெடையாது, தொழிலாளர் அமைச்சகம். அதுக்கு எம்பியைப் பிடிங்க. லோக்சபாவுக்கும் ராஜ்யசபாவுக்கும் தனித்தனியா மனுக்கள் குழு இருக்கு, எம்பி மூலமா மனு போடலாம், அவருக்கும் இதே ஃபைல், இதே ஒத்தைக் கேள்வி, எந்த நாள் முதல்னு.

இப்போதைக்குக் குழு வர்ற அறிவிப்பு எதுவும் இல்லன்னாலும் தகவல் உரிமை மனுவை இந்த வாரமே போட்டுருங்க. பதில் வர ஒரு மாசம், மேல்முறையீடு போனா இன்னும் ஒரு மாசம், அறிவிப்பு வந்து கடைசித் தேதிக்கு நடுவுல அவ்வளவு நாள் குடுக்க மாட்டாங்க.